மயனும் மாயாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய அமெரிக்காவின் பழங்குடிகளான மாயா மக்களின் பிரமிடுகளைக் கட்டியவன் நம் புராணத் தச்சன் மயன்தான் என்ற பேச்சு இப்போது வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தையும் குவாத்தமாலாவின் டிக்கால் கோயிலையும் அருகருகே வைத்து 'ஒரே சாயல்' என்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கைவேலை.

நம் கோபுரம் கருங்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லும் சுதையுமாக எழும்புவது. உள்ளே நிலை நிலையாக வெற்றிடம். டிக்காலின் 4ஆம் கோயில் கி.பி. 741 வாக்கில் எழுந்தது, உயரம் சுமார் 65 மீட்டர். உச்சியிலுள்ள ஒடுங்கிய அறைகளைத் தவிர, கீழே முழுக்கக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய மேடு. மெக்சிகோவிலுள்ள மாயா நகரமான சிச்சென் இட்சாவிலோ ஒரு பிரமிடின் வயிற்றுக்குள் பழைய பிரமிடே இருக்கிறது.

கூரையில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இங்கே தூண், அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, அதன்மேல் கருங்கல் உத்திரம். மாயா கொத்தர்கள் இரு பக்கச் சுவரிலும் வரிக்கு வரி கல்லைக் கொஞ்சம் உள்நோக்கித் தள்ளி அடுக்கி, மிஞ்சிய இடைவெளியை ஒரு மூடுகல்லால் அடைத்தார்கள். கல்லின் வால் சுவருக்குள் நீளமாகப் போக வேண்டும். அதன்மேல் சாந்தும் சல்லியும் ஏற்றிய பிறகே அடுத்த வரி. இல்லாவிட்டால் கல் உள்ளே கவிழும். அதனால் அறையின் நீளத்தைக் கூட்டலாம், அகலத்தை அதிகம் கூட்ட முடியாது. பலெங்கே என்ற மாயா நகரில் கூரையின் வெளிப்புறத்தையும் சரிவாக்கி, கூரைமேல் எழுப்பிய உச்சிச் சுவரில் துளைகள் விட்டு எடையைக் குறைத்ததால் கொஞ்சம் அகலம் கிடைத்தது. மேற்காரை வெடித்து மழைநீர் இறங்கினால் உள்சாந்து கரைந்து கூரையின் ஒரு பாதி சரியும். மறு பாதி அப்படியே நிற்கும். ஆற்காடு டெல்லி கேட் போன்ற வளைவில் உச்சிக் கல் போனால் இரு பக்கமும் போச்சு.

தஞ்சை விமானத்திலும் கல்லை உள்நீட்டித்தானே அடுக்கினார்கள் என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அது இரும்பு உளி செதுக்கிய கருங்கல், தன் எடையிலேயே நிற்பது. மாயா கொத்தர்களிடம் இரும்பே கிடையாது. இளகிய சுண்ணாம்புக்கல்லைக் கல் கருவியால் வெட்டி, சாந்தின் பிடிப்பை நம்பினார்கள்.

ஒற்றுமை என்றால் சுண்ணாம்பைச் சொல்லலாம். கோபான் என்ற மாயா நகரின் காரையில் மரப்பட்டைச் சாறு சேர்ந்திருக்கிறது, நம்மவர் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது போல. காரை வெடிக்காமலிருக்க வழி தேடும் எந்த ஊர்க் கொத்தனாருக்கும் எட்டக்கூடிய வித்தைதான் அது.

இப்படி ஒப்பிடும் கட்டுரை எதையாவது நீங்கள் வெளியிட்டால், முகப்புப் படத்தோடு இரண்டு கட்டடங்களின் குறுக்குவெட்டுப் படத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சுதை வேலைக் கலைஞர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.