மகளிரியலுக்கு ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேற்படிப்பு வழிகாட்டிப் பக்கத்தில் முதுகலைப் படிப்புகளைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். வரலாறு, பொருளாதாரம், சமூகப்பணி எல்லாம் இருந்தன. சமூகத்தில் பெண்களின் நிலையை ஆராயும் மகளிரியல் மட்டும் இல்லை. எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் எம்.ஏ. மகளிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வயது 43. இந்தப் படிப்பில் சேர்ந்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "தையலும் சமையலும் சொல்லித் தருவாங்களா?" அது மனையியல் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. (மனையியலும் அவர்கள் நினைக்கிற மாதிரி லேசான படிப்பு இல்லை என்பது வேறு விஷயம்.)

பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு 1971இல் ஒரு குழு அமைத்தது. 1974இல் வந்த அதன் அறிக்கைதான் எங்களுக்கு ஆரம்பப் பாடம். 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள், 1971இல் 930. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, ஓட்டுரிமை வந்தது, ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் விகிதம் மட்டும் இறங்கியிருக்கிறது. ஏன் என்று கேட்பதுதான் எங்கள் படிப்பு.

ஆய்வேட்டுக்காக எங்கள் தெருவில் 18 வீடுகளில் நேரக் கணக்கு எடுத்தேன். அரை மணிக்கு ஒரு கட்டம் போட்ட தாள், அவ்வளவுதான் கருவி. இரண்டாவது வீட்டு அக்கா, "என்கிட்ட என்னத்த எழுதப் போற, நான் சும்மாதானே இருக்கேன்" என்றார். சரிக்கா, நேத்து காலையிலிருந்து சொல்லுங்க என்று திண்ணையில் உட்கார்ந்தேன். நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்ததில் தொடங்கினார். மாமியாருக்கு இன்சுலின் போட்டது, ரேஷன் கடையில் நின்றது, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தது என்று போய், இரவு பத்தரைக்குப் படுக்கும்வரை காலியாக நின்றவை மூன்றே கட்டங்கள். இதைச் சொல்லும்போதும் அவர் கை கீரை ஆய்ந்துகொண்டுதான் இருந்தது.

இது எங்கள் தெருக் கதை மட்டுமல்ல. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். அந்த 97கூட வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். அப்படிச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்!

தமிழ்நாடு அரசுக்கு இது தெரியாததல்ல. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ரூ.1,000 திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். கணக்கில் வராத உழைப்பை மதிக்கிற பெயர் அது. எங்கள் வகுப்பறைப் பேச்சு அரசாணை வரை போயிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அப்புறம் ஒரு விளம்பரம் பார்த்தேன். வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சேவை மையம் ஒன்றில் வழக்குப் பணியாளர் (கேஸ் ஒர்க்கர்) வேலை, அதாவது அங்கே வரும் பெண்களுக்குத் துணைநின்று உதவும் வேலை. கல்வித் தகுதி சமூகப்பணி அல்லது உளவியல். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்த எனக்கு, விண்ணப்பத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம் இல்லை. போனில் கேட்டால், "சமூகப்பணியும் மகளிரியலும் ஒண்ணுன்னு அரசாணை இருந்தா கொண்டு வாங்கம்மா" என்றார்கள். ஒன்று என்று நானும் சொல்லவில்லை. ஆலோசனை தருவதில் சமூகப்பணி மாணவர்களுக்குக் கிடைக்கும் அளவு பயிற்சி எங்களுக்குக் கிடைப்பதில்லை. அதை எங்கள் துறைகள்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் விண்ணப்பிக்கவே கூடாது என்றால் எப்படி? கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் எங்களுக்குத் தனிப் பாடமே இருக்கிறது. கொடைக்கானலில் 1984இலிருந்து பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தனையும் இருக்கும் மாநிலத்தில், பெண்களுக்கான பணியிடத்தின் தகுதிப் பட்டியலில் 'மகளிரியல்' என்று ஒரு சொல் சேர்க்க எவ்வளவு செலவாகும்?

சமூக நலத்துறை அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வழிகாட்டிப் பக்கத்திலும் அடுத்த முறை ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர். இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாமல் வேறு படிப்பில் சேர்ந்தவர்களை எனக்கே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவகங்கை மாவட்டம்