செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்லாவிய, பால்கன் இலக்கிய வாசிப்பு வட்டம்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி இவ்வாண்டு அமர்வுகள் அனைத்தும் குஸ்லே (வில்லால் மீட்டும் பால்கன் நரம்பிசைக் கருவி) இசைத்துப் பாடும் வீரப்பாடல்களுக்கே ஒதுக்கப்பட்டன. பாடகர் மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை, வழக்கமான தொடர்களைக் கொண்டு பாடும்போதே பாட்டைக் கட்டுகிறார் என்பது அமெரிக்க ஆய்வாளர்கள் மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு இருவரின் வாய்மொழிக் கோட்பாடு. அதை இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி 1968இல் நூலாக்கினார். அக்கோட்பாட்டுக்கு அடிப்படையான தென்ஸ்லாவிய வரிகளையே எண்ணிப் பார்ப்பது நம் நோக்கமாக இருந்தது.

முதல் அரையாண்டு யாப்பிலேயே கழிந்தது. வரிக்கு 10 அசை (இங்கே அசை என்பது ஆங்கிலத்தில் syllable எனப்படும் ஒலியலகு; நம் நேர், நிரை அன்று). நான்காம் அசையோடு சொல் முடிய வேண்டும். "வீனோ பியே | க்ராலியெவிச்சு மார்கோ" (இளவரசன் மார்கோ மது அருந்துகிறான்) என்பது 4+6. இங்கே 'க்ராலியெவிச்சு' விளி வேற்றுமை. எழுவாயாக 'க்ராலியெவிச்' என்றே வர வேண்டும். வந்தால் ஓர் அசை குறையும். யாப்புக்காக இலக்கணம் வளைகிறது. மார்கோவை யாரோ அழைப்பதாக மொழிபெயர்த்த பயிற்சித்தாள்கள் சில வந்தன, திருத்தித் தந்தோம்.

கட்டளைக் கலித்துறை பழகியவர்கள் மெய்யெழுத்துகளை நீக்கி எண்ணியதால் கணக்கு அடிக்கடி தவறியது. 'க்ர்வ்' (குருதி) என்ற சொல்லில் உயிரே இல்லை. ரகர மெய்யே அசையாகிறது. அதேபோல் 'பியெலோ' (வெள்ளை) மூன்றசை. பெல்கிரேடு வழக்கில் அதை 'பேலோ' என்று மாற்றினால் இரண்டசையாகி வரி நொண்டும். பதிப்பு எந்த வழக்கில் உள்ளது என்று பார்க்காமல் எண்ணத் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் அரையாண்டில் எடுத்துக்கொண்டது பாடகர் அவ்தோ மெதெதோவிச்சை. எழுத்தறியாத கசாப்புக்காரர், மாண்டினீக்ரோவின் பியெலோ போல்யே பகுதிக்காரர். 1935இல் அவர் பாரிக்குத் தந்த ஸ்மைலாகிச் மேஹோவின் திருமணப் பாடல் 12,311 வரி. பலர் நினைப்பதுபோல் அது ஒலிப்பதிவு அன்று. அவர் சொல்லச்சொல்ல பாரியின் உதவியாளர் நிக்கோலா வுய்னோவிச் எழுதியது. சொல்லி எழுதிய வரி பெரும்பாலும் சீராக இருக்கும்; பாடிய வரியில் அசை கூடும், குறையும். இரண்டையும் கலந்து எண்ணிய அட்டவணையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம்.

செர்பியாவின் நோவி பசார் நகரில் பாரி பதிவுசெய்த பாடகர் சாலிஹ் உக்லியானின் அல்பேனியத்திலும் பாடியவர். ஸ்லாவிய மொழியறிவு மட்டும் அங்கே போதாது. எனவே வரும் ஆண்டில் அல்பேனிய அடிப்படைப் பாடங்களையும் சேர்க்கக் குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இரவல் அகராதிகளைக் கூட்டம் முடிவதற்குள் ஒப்படைக்கவும்.

செயலாளர்