மல்லிகாவுக்கு, வசுவின் ரிப்போர்ட் பார்த்த பிறகு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் உன் மகள் வசுவின் ரிப்போர்ட் நகலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ரிடையர் ஆகியும் லேப் நினைப்பு போகவில்லை. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தேன்.

"இத்தனை மாத்திரை சாப்பிட்டும் ஏஎன்ஏ இன்னும் பாசிட்டிவ்" என்று எழுதியிருக்கிறாய். அதற்காக அழாதே. ஏஎன்ஏ என்பது நம் செல்களின் கருவையே எதிர்க்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் இந்த நோய், உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும், நோய் அடங்கியிருக்கும்போதுகூட, அது பாசிட்டிவாகவே இருக்கும். நோயே இல்லாத சிலருக்கும் உண்டு. நோயைக் கண்டுபிடிக்கத்தான் அது உதவும். திரும்பத் திரும்ப அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

நீ பார்க்க வேண்டியது அடுத்த பக்கம்: டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி, அப்புறம் சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள். இந்த ஆன்டிபாடி நம் சொந்த டிஎன்ஏவையே பிடித்துக்கொள்ளும். சிறுநீரகத்தில் போய்ப் படிந்தால் அங்கே அழற்சி வரும், அதில் சி3, சி4 புரதங்கள் செலவாகிவிடும். அதனால்தான் முதலாவது ஏறி மற்ற இரண்டும் இறங்கினால் டாக்டர்கள் உஷாராகிறார்கள்.

வேலையில் இருந்தபோது, இந்த ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கிரிதீடியா என்று பூச்சிகளின் குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரி ஒன்று உண்டு. அதற்குள் ஓரிடத்தில் டிஎன்ஏ நெருக்கமாகச் சுருண்டிருக்கும். அந்த உயிரியை வைத்த ஸ்லைடில் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த பகுதியை) விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். ஆன்டிபாடி இருந்தால் அந்தச் சின்னப் புள்ளி மட்டும் பளிச்சென்று பச்சையாக மின்னும். சீரத்தை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்க்கச் செய்துகொண்டே போய், எதுவரை மின்னுகிறது என்று குறித்துக்கொள்வோம். வசுவுக்குச் செய்தது எலைசா, அதாவது நிற மாற்றத்தை மெஷின் அளந்து எண்ணாகச் சொல்லும் வேறு முறை. முறை மாறினால் எண்ணும் மாறும், அதனால் ஒரே லேபில் ஒரே முறையில் எடுங்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதே. சிலருக்கு அது வருஷக்கணக்கில் உயர்ந்தே இருக்கும், உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது. அமெரிக்க ராணுவத்தில் சேமித்து வைத்திருந்த ரத்தத்தை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வந்தது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்திருக்கிறது. சிலருக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே! "நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்று நீ வருந்துகிறாயே, ரத்தத்துக்குள் சத்தமில்லாமல் கிடந்ததை எந்த அம்மாவால் பார்க்க முடியும்?

வசுவுக்கு டிஎஸ்-டிஎன்ஏ ஏறியிருக்கிறது, சி3 கொஞ்சம் குறைவு, யூரினில் புரதம் இல்லை. சிறுநீரகத்தில் அழற்சி வந்தால் புரதம் யூரினில் கசியும், அதனால் இந்தக் கடைசி வரிதான் எனக்கு நிம்மதி. ஆனாலும் டாக்டர் சொன்ன தேதியில் யூரின் புரத டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதே. கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, பிரஷர் ஏறினாலோ தேதி வரை காத்திருக்க வேண்டாம். லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவளாக நிறுத்திவிடக் கூடாது. அந்த மாத்திரைக்காகச் செய்யும் கண் பரிசோதனைக்கும் டாக்டர் சொல்கிறபடி போகட்டும்.

அடுத்த ரிப்போர்ட் வந்ததும் யூரின் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. வெயில் அவளுக்கு ஆகாது, ராத்திரி ரயிலில் டிக்கெட் போடு. ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கமலா