முடியும் நேரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலத்தில் இசையரங்குகளின் இருக்கைகள் காலியாகக் கிடப்பதற்கு, வீட்டில் இருந்தபடியே திரையில் இசை கேட்கும் பழக்கம்தான் காரணம் என்று சென்ற இதழின் கட்டுரை முடிவு கட்டியிருந்தது. சொந்த வாகனம் இல்லாமல், ரயிலையும் பேருந்தையுமே நம்பிப் பல ஆண்டுகளாகக் கச்சேரிகளுக்குப் போய்வரும் எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை. என்னைப் போன்றவர்களைத் தடுப்பது திரை அன்று. கச்சேரி எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் சொல்லாததும், முடிந்தபின் வீடு திரும்ப வண்டி கிடைக்குமா என்ற கவலையுமே எங்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன் ஆகிய ஐந்து மேலைநாட்டு ஊதுவாத்தியங்களும் சேர்ந்து ஒலிக்கும் கச்சேரி ஒன்றைக் கேட்க மாலை ரயிலில் புறப்பட்டேன். தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் பனி உறைந்துவிட்டால் ரயிலைத் தடம் மாற்றும் கருவி அசையாது. அன்றும் அப்படித்தான் ஆகி, வண்டி வழியில் நாற்பது நிமிடம் நின்றது. என் பெட்டியின் மறுகோடியில் வாத்தியப் பெட்டிகளை மடியில் அணைத்தபடி சிலர் அமர்ந்திருந்தார்கள். அவர்கள்தான் அன்று வாசிக்க வேண்டியவர்கள் என்பது மேடையில் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது.

குளிரில் கிடந்த குழல் வாத்தியத்தை எடுத்தவுடன் வாசித்துவிட முடியாது. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 0 டிகிரியில் அது 331 மீட்டராகக் குறைகிறது. வேகம் குறைந்தால் குழலுக்குள் எழும் சுருதியும் இறங்கும். அந்த இறக்கம் ஒரு அரைச்சுரத்தில், அதாவது பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான சுருதி வித்தியாசத்தில், பாதிக்கும் மேல். மரத்தாலான கிளாரினெட்டிலும் ஓபோவிலும், குளிர்ந்திருக்கும்போதே சூடான மூச்சை ஊதினால் மரம் வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே கலைஞர்கள் பொறுமையாக வாத்தியங்களை அறையின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சுருதி சேர்த்து, அறிவித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினார்கள். இதில் அவர்கள் மீது எனக்குத் துளியும் குறையில்லை. உறைபனிக்கும் யாரும் பொறுப்பாக முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை தவிர்த்திருக்கக்கூடியவை. தாமதமாகத் தொடங்கிய கச்சேரி எப்போது முடியும் என்று யாரும் மேடையேறிச் சொல்லவில்லை. இடைவேளையைப் பத்து நிமிடமாகக் குறைத்திருக்கலாம். வழக்கம்போல் அரை மணி நேரம் விட்டார்கள். கடைசிப் படைப்பின் மெதுவான பகுதியில், மற்ற நால்வரும் அடங்கிப்போக ஹார்ன் மட்டும் தனித்து, மூச்சின் ஒலியோடு ஒலியாக மேலெழுந்த இடத்தில், நான் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தேன். அரங்கமே அசையாமல் இருந்த அந்தக் கணத்தில் என் கனத்த மேலங்கி உரசிய சத்தம் எனக்கே இடியாகக் கேட்டது. என்னைத் தொடர்ந்து பின்வரிசைகளிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். எல்லோரும் ஒரே ரயிலுக்குத்தான் ஓடினோம். நடைமேடையில் ஒரு மூதாட்டி, அந்த ஹார்ன் மெட்டு எப்படி முடிந்திருக்கும் என்று என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இசைக்காகக் குளிரைத் தாங்கிக்கொள்ள மக்கள் என்றுமே தயங்கியதில்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் நடத்திய கச்சேரி மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை கடுங்குளிரில் நீண்டது. ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள் இரண்டும் பொதுமக்கள் முன் முதன்முறையாக ஒலித்தது அன்றுதான். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி நமக்கு எழுதிவைத்த ரைஷார்ட் என்ற இசையமைப்பாளர், ஓர் இளவரசரின் மாடத்தில் அமர்ந்து இறுதிவரை கேட்டவர். கடைசி ரயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலையில் அவர் இல்லை.

எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுவது வேறொரு நிகழ்ச்சி. 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், எதிரி விமானங்களுக்குத் தெரியாதபடி இரவில் நகரின் விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்பு லண்டனில் வந்தது; மாலைக் கச்சேரிகள் நின்றுபோயின. அப்போது பியானோ கலைஞர் மைரா ஹெஸ், ஓவியங்கள் அகற்றப்பட்டு வெறுமையாகியிருந்த தேசிய ஓவியக் கூடத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை மதிய உணவு வேளையில் கச்சேரி நடத்த ஏற்பாடு செய்தார். 1939 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அவை 1946 ஏப்ரல் வரை தொடர்ந்தன. மொத்தம் 1,698 கச்சேரிகள். குண்டு வீச்சு கடுமையானபோது கூடத்தின் கீழ்த்தளத்துக்கு மாறினார்களே தவிர, நிறுத்தவில்லை. இருட்டில் வெளியே வர முடியாதவர்களைக் குறை சொல்லாமல், அவர்கள் வரக்கூடிய நேரத்துக்கு இசையைக் கொண்டுவந்தார்கள் என்பதை நம் அரங்க நிர்வாகிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரங்கத்தார் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. ஒத்திகையின்போதே ஒவ்வொரு படைப்பும் எத்தனை நிமிடம் என்பது கலைஞர்களுக்குத் தெரிந்திருக்கும். இடைவேளையையும் கூட்டி, முடியும் நேரத்தை நுழைவுச்சீட்டில், தொடங்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம். தாமதமானால் புதிய நேரத்தை மேடையிலிருந்து அறிவிக்கலாம். குளிர் மாதங்களில் மட்டுமாவது ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாம், அல்லது விடுமுறை நாள்களின் பிற்பகலுக்கு மாற்றலாம். கலையைக் கடிகாரத்தால் அளக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். ரசிகர்கள் கேட்பதற்கிணங்கக் கடைசியில் கூடுதலாக வாசிப்பதை யாரும் அளக்கச் சொல்லவில்லை. இருக்க முடிந்தவர்கள் இருந்து கேட்கட்டும். அறிவித்த படைப்பை முழுதாகக் கேட்டுவிட்டுப் போகும் வாய்ப்பைத்தான் நாங்கள் கேட்கிறோம். ஜெர்மனியின் பல நகரங்களில் கச்சேரியின் நுழைவுச்சீட்டே அன்றைய ரயிலுக்கும் பேருந்துக்கும் பயணச்சீட்டாகச் செல்லும். அரங்கமும் போக்குவரத்துத் துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் இது நடக்கும். அப்படிப் பேசத் தொடங்கினாலே கடைசி ரயிலின் நேரம் அரங்கத்தாரின் கணக்குக்குள் வந்துவிடும்.

கைபேசியில் மட்டும் சீட்டு வைத்திருக்கச் சொல்வதையும் குளிர்காலத்திலாவது கைவிட வேண்டும். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அணைந்துபோன கைபேசியோடு அரங்க வாயிலில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஐவரும் அடுத்த மாதம் அதே நிகழ்ச்சியை மீண்டும் வாசிக்கிறார்கள். நான் விட்டுவந்த பகுதியைக் கேட்பதற்காகவே மறுபடியும் சீட்டு எடுத்திருக்கிறேன். அதில் தொடங்கும் நேரம் மட்டுமே அச்சாகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்