சனிக்கிழமை தியானம்: ராகாப்

சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். இந்தச் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ராகாபைப் பற்றிப் பேசப்போகிறோம். யோசுவா 2, 6 அதிகாரங்களை வாசித்துவிட்டு வாருங்கள்.

எபிரெயர் 11-இல் விசுவாசத்துக்காகப் பெயர் சொல்லப்படும் பெண்கள் சாராள், ராகாப் இருவர்தான். அங்கேயும் ‘வேசி’ என்றே எழுதியிருக்கிறது. பழையதை யாரும் மறைக்கவில்லை. அவள் எரிகோ ஊர்க்காரி, பிறப்பால் எபிரெயப் பெண்ணும் இல்லை. ஆனாலும் இஸ்ரவேலின் நடுவே குடியிருந்தாள். மத்தேயு 1:5 அவளைப் போவாசின் தாயாக, தாவீதின் வம்சத்தில் வைக்கிறது.

தன் வீட்டில் ஒளித்து வைத்த இஸ்ரவேல் வேவுகாரரிடம் தகப்பன், தாய், உடன்பிறந்தவர்கள் எல்லாருடைய உயிரையும் கேட்டாளே (யோசுவா 2:13), அதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச ஆசை. அவள் ஜன்னலில் அடையாளமாகக் கட்டிய சிவப்பு நூலையே பேசிப் பேசி அதை விட்டுவிடுகிறோம்.

அப்புறம், நேரம் இருந்தால் அதே வம்சத்தில் வரும் தாமாரையும் (ஆதியாகமம் 38) பார்க்கலாம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.