வந்தவர்கள் ஒன்றிவிட்டார்களா என்பதை எப்படி அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவர்கள் தமிழ் பேசுகிறார்களா என்பதை மட்டும் வைத்து, இந்த ஊரோடு ஒன்றிவிட்டார்களா இல்லையா என்று முடிவுகட்டியிருந்தது. அந்த அளவுகோல் போதாது.

அமெரிக்கா சென்ற ஆசியர்களுக்காக 1987-இல் வெளியான சூயின்-லியூ அளவுகோல், பேசும் மொழி, நண்பர்கள், உணவு எனப் பலவற்றை 21 கேள்விகளில் கேட்டு, சராசரியை 1 முதல் 5 வரையான ஒரே கோட்டில் வைத்தது. தாய்ப் பண்பாட்டோடு நிற்பவருக்கு 1. மேற்கத்திய வாழ்வுக்கு முழுதும் மாறியவருக்கு 5. நடுவில் 3 வாங்குபவர் இரண்டிலும் இயல்பாகப் புழங்குபவராகவும் இருக்கலாம், இரண்டிலும் ஒட்டாதவராகவும் இருக்கலாம். இவ்விருவரையும் பிரித்தறிய முடியாத கணக்கால் யாருக்கு என்ன பயன்?

கனடா உளவியலாளர் ஜான் பெர்ரி இதை இரு கேள்விகளாகப் பிரித்தார்: தன் பண்பாட்டைக் காத்துக்கொள்ள விரும்புகிறாரா, புதிய ஊராரோடு பழக விரும்புகிறாரா. 2000-இல் வந்த வான்கூவர் அளவுகோலும் தாய்ப் பண்பாட்டைப் பற்றிப் பத்துக் கேள்வி, புகுந்த இடத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி என்று கேட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகவே மதிப்பெண் இடுகிறது. ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும் என்பதில்லை. வீட்டில் உருதும் கடைத்தெருவில் தமிழும் தலைமுறைகளாகப் பேசிவரும் வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஒடிசாக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. தொழிற்சாலை மேஸ்திரியிடம் பழகிப் பழகிக் கணவருக்குத் தமிழ் சரளமாக வருகிறது. ஆயினும் தெருவில் எந்த வீட்டுப் படியும் அவர் ஏறியதில்லை. மனைவிக்கு நாலு வார்த்தைதான் தெரியும். அவரோ மாலையில் எதிர்வீட்டு அம்மாளோடு திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறார். கட்டுரையின் கணக்குப்படி ஒன்றியவர் கணவர், ஒன்றாதவர் மனைவி.

மேலும், வந்தவர்களை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியவரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்க எழுத்தில் பலகை வைத்திருக்கும் விடுதிக்காரர்களும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று வங்காளியிலேயே சொல்லும் மருந்துக்கடைப் பிள்ளைகளும் மாறியிருக்கிறார்களே, அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அடுத்த முறை தங்கள் செய்தியாளர் இப்பகுதிக்கு வரும்போது, வடமாநிலக் குடும்பத்துக்கு வீடு தருவீர்களா, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவீர்களா என்று ஊர்க்காரர்களிடமும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வேலூர் மாவட்டம்.