காற்றுச் சுரங்க விசிறிக்குத் திறன் குறைந்த மோட்டார் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

எங்கள் ஆய்வகத்தின் திறந்த வகைக் காற்றுச் சுரங்கத்துக்கு (மாதிரிகள் மேல் காற்றை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கும் குழாய் அமைப்பு) நீங்கள் வடிவமைத்து அனுப்பிய ஆக்ஸியல் விசிறியும் 4 கிலோவாட் மோட்டாரும் ஒப்புக்கொண்ட வேகத்தைத் தரவில்லை. ஆர்டரில் எழுதியிருந்தது, 0.6 மீட்டர் சதுரச் சோதனைப் பகுதியில் நொடிக்கு 30 மீட்டர். கிடைப்பது 23.

காற்றின் வேகத்தை அழுத்தமாகக் காட்டும் பிட்டோ குழாய் வைத்துப் பலமுறை அளந்துவிட்டோம். 540 பாஸ்கல் காட்ட வேண்டிய இடத்தில் 317தான் காட்டுகிறது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில் 50 ஹெர்ட்ஸ் வைத்தால் விசிறி 30 மீட்டர் தர வேண்டும். ஆனால் 38 ஹெர்ட்ஸிலேயே மோட்டார் இழுக்கும் கரண்ட் அதன் பெயர்ப்பலகை அளவைத் தொட்டுவிடுகிறது. இன்னும் ஏற்றினால் சில நிமிடங்களில் டிரைவ் ஓவர்லோடில் டிரிப் ஆகிவிடுகிறது. சுரங்கத்தில் காற்று கசியும் என்று உங்கள் பொறியாளர் போனில் சொன்னார். சரி என்று எல்லா இணைப்புகளையும் டேப் போட்டு அடைத்துப் பார்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை.

பிழை எங்கே என்று நீங்கள் கொடுத்த கணக்குத் தாளிலேயே இருக்கிறது. 0.36 சதுர மீட்டரில் 30 மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10.8 கன மீட்டர் காற்று. காற்றின் அடர்த்தி 1.2 என்று கொண்டால் இயக்க அழுத்தம் (காற்றின் வேகத்தால் வரும் அழுத்தம்) 540 பாஸ்கல். ஹனிகோம்ப் (காற்றை நேராக்கும் தேன்கூட்டு அமைப்பு), வலைகள், டிஃப்யூசர் (காற்றின் வேகத்தைக் குறைக்கும் விரியும் பகுதி), வெளியேறும் காற்று எல்லாம் சேர்த்து இழப்பு இதில் 0.7 பங்கு என்று எடுத்திருக்கிறீர்கள், அதாவது 378 பாஸ்கல். இதுவரை எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. 378ஐ 10.8ஆல் பெருக்கினால் 4.1 கிலோவாட். இது காற்றுக்குப் போய்ச்சேர வேண்டிய திறன். அதற்கு நேர் கீழே "மோட்டார்: 4 கிலோவாட்" என்று எழுதி முடித்துவிட்டீர்கள். விசிறியின் திறமையை, அதாவது தண்டில் கொடுக்கும் திறனில் காற்றுக்குப் போய்ச்சேரும் பங்கை, கணக்கில் எடுக்கவே இல்லை! அதே தாளின் மேற்பகுதியில் அது 60 சதவீதம் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அப்படியானால் தண்டில் 6.8 கிலோவாட் வேண்டும். மோட்டாரின் திறமை 88, டிரைவின் திறமை 96 சதவீதம் என்று வைத்தால் மின் இணைப்பிலிருந்து எடுப்பது சுமார் 8 கிலோவாட்.

23 மீட்டரோடு ஒப்பேற்றிக்கொள்ளச் சொல்வது சரியல்ல. விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் சோதனைக்கு வைக்கும் இறக்கை மாதிரியின் மேல் விழும் விசை, 30 மீட்டரில் இருப்பதில் 59 சதவீதம்தான். சிறு கோணங்களில் எடுக்கும் அளவீடுகள் விசையை அளக்கும் தராசின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகின்றன. மாணவர்கள் வாரக்கணக்கில் உழைத்துச் செய்த மாதிரிகள் அலமாரியில் காத்திருக்கின்றன. இது எங்களை மிகவும் வருத்துகிறது. டிரைவில் ஓவர்லோட் வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள் என்ற உங்கள் மின்னஞ்சலையும் ஏற்க முடியாது. மோட்டாரின் கம்பிச் சுற்று கருகிப்போகும், அப்போது உத்தரவாதம் செல்லாது என்று நீங்களே சொல்வீர்கள்.

எனவே 4 கிலோவாட் மோட்டாரை எடுத்துக்கொண்டு 11 கிலோவாட் மோட்டாரும் அதற்கேற்ற டிரைவும் உங்கள் செலவில் தர வேண்டும். 7.5 போதாதா என்று கேட்பீர்கள். வலையில் தூசி அடைந்து, உள்ளே பெரிய மாதிரியும் நின்றால் அந்தச் சிறிய இடைவெளி போய்விடும். பெரிய மோட்டாரின் எடையை இப்போதுள்ள தாங்கியும் விசிறித் தண்டும் தாங்குமா என்பதையும் சரிபார்த்து எழுத்தில் தாருங்கள். அப்புறம், அதை நிறுவிய பிறகு உங்கள் ஆள் முன்னிலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து 30 மீட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். அளவீட்டுத் தாள்களும் உங்கள் கணக்குத் தாளின் நகலும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்